அத்தையின் பல்லுக்கு என் வாயில் கம்பி

இப்போதெல்லாம் பல்லில் கம்பி கட்டிக்கொள்வது ஒரு பெருமையாகிவிட்டது. என் வயதுக்காரர்கள் கவனித்திருப்பீர்கள். பள்ளிக்கூட வாசலில் நின்று பார்த்தால், பாதிப் பிள்ளைகள் வாய் நிறையக் கம்பியோடு சிரித்துக்கொண்டு வருகிறார்கள். கம்பியைச் சுற்றி நீலம், ரோஸ் என்று நிறம் நிறமாக ரப்பர் வேறு. பிறந்தநாளுக்கு ஒரு நிறம், பொங்கலுக்கு ஒரு நிறம் என்று மாற்றிக்கொள்கிறார்களாம்.

போன மாதம் என் மகளுக்குத் துணையாகப் பல் மருத்துவமனைக்குப் போயிருந்தேன். அவளே ஒரு பிள்ளைக்குத் தாய். இந்த வயதில் பல்லை வரிசைப்படுத்த ஆசை வந்திருக்கிறது, நல்லதுதானே. டாக்டரம்மா துணிக்கடையில் சேலை விரிப்பது போல அவள் முன்னால் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். சாதாரணக் கம்பி வேண்டுமா, பல்லின் நிறத்திலேயே இருக்கும் கம்பி வேண்டுமா, பல்லுக்குப் பின்பக்கம் ஒட்டுவது வேண்டுமா, யார் கண்ணுக்கும் தெரியாத கண்ணாடி மாதிரி உறை வேண்டுமா? என் மகள் உறை போதும் என்றாள். பிறகு டாக்டரம்மா என் பக்கம் திரும்பி, "உங்க பல்லு வரிசை ரொம்ப நல்லா இருக்கேம்மா, சின்ன வயசுல எதுவும் போட்டிருந்தீங்களா?" என்று கேட்டார். "போட்டிருந்தேன்" என்றேன். "பாத்தீங்களா, அப்பவே எவ்வளவு அருமையா செஞ்சிருக்காங்க" என்று அவருக்கு ஒரே சந்தோஷம். அது என் பல்லுக்காகப் போட்டதே இல்லை என்று அவரிடம் சொல்ல ஆரம்பித்தால், வெளியே காத்திருக்கும் ஜனங்கள் வீடு போய்ச் சேர முடியாது. அதனால் உங்களிடம் சொல்கிறேன். நம்மிடம்தான் நேரம் கொட்டிக் கிடக்கிறதே.

எண்பதுகளின் நடுப்பகுதி. நான் ஐந்தாம் வகுப்பு. ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லுக்குப் பின்தெருவில் எங்கள் வீடு. அப்பா அந்த மில்லில் சூப்பர்வைசர். தெருவில் பாதி வீடு தமிழ், பாதி வீடு தெலுங்கு. எல்லா வீட்டுக்கும் கடிகாரம் மில் சங்குதான். எங்கள் வீட்டில் அப்பா, அம்மா, நான், அப்பாவின் தங்கை என்று நாலு பேர்.

அத்தை பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டாள், அதாவது நிறுத்தப்பட்டாள். அதற்குப் பிறகு அவளுக்கு உலகம் என்றால் முன்வாசல் நிலைக்கும் பின்வாசல் துவைகல்லுக்கும் இடைப்பட்ட இடம்தான். கடைக்குப் போக வேண்டுமென்றால் அப்பாவே வாங்கி வந்துவிடுவார். கோயிலுக்குப் போனால் அம்மா கூடவே போவாள். தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கக்கூட அவளை விடமாட்டார்கள். கல்யாணத்துக்கு நிற்கிற பெண்ணை நாலு பேர் நாலு இடத்தில் பார்த்துவிட்டால் நாலு விதமாகப் பேசுவார்கள் என்பது அப்பாவின் கணக்கு. அப்பா கெட்டவர் இல்லை. தங்கை மேல் உயிரையே வைத்திருந்தார். அவளுக்குப் பிடித்த பூந்தியை வாங்காமல் சம்பள நாளில் வீட்டுக்கு வரமாட்டார். ஆனால் அந்தப் பூந்தியை அவளாகப் போய் வாங்க முடியாது.

அத்தை நல்ல உயரம், நல்ல முடி. குறை என்று ஊர் சொன்னது ஒன்றுதான், மேல்வரிசை முன்பற்கள் வெளியே தூக்கிக்கொண்டிருந்தன. உதட்டை இழுத்து மூடினாலும் முழுசாக மூடாது. பெண் பார்க்க வருகிறவர்கள் காபியைக் குடித்துவிட்டு, "போய்ச் சொல்லி அனுப்புதோம்" என்று எழுந்து போவார்கள். யாரும் சொல்லி அனுப்பியதில்லை. அதனால் அத்தை பேசும்போதே வலது கை தானாக வாய்க்குப் போகும். சிரிப்பு வந்தால் முந்தானை போகும். ஒரே வீட்டில் இருந்தும் அவள் சிரிப்பை நான் முழுசாகப் பார்த்ததில்லை.

தரகர்தான் அந்த டாக்டரைப் பற்றிச் சொன்னார். "பல்லை உள்ள தள்ளுத டாக்டர் ஒருத்தர் மதுரையில இருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மாசத்துக்கொரு சனிக்கிழமை வாராரு. சின்னப் பிள்ளைகளுக்குத்தான் சீக்கிரம் கேக்குமாம். ஆனா பெரியவங்களுக்கும் செய்தாராம். பல்லை மட்டும் செத்த உள்ள தள்ளிட்டீகன்னா, நான் மாப்பிள்ளையைக் கொண்டாந்து நிறுத்துதேன்."

அப்பாவுக்கு நம்பிக்கை வந்துவிட்டது. கூடவே கவலையும் வந்துவிட்டது. அன்றைக்குச் சாப்பாட்டின்போது அப்பாவும் அம்மாவும் பேசியது, எதிரில் உட்கார்ந்திருந்த எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

"தங்கச்சி பஸ் ஏறி டாக்டர்ட்ட போறான்னு தெரிஞ்சா, பல்லோட விடுவானுகளா? என்ன நோவோ ஏதோன்னு கதை கட்டிருவானுக" என்றார் அப்பா. 

"பொறவு என்ன செய்ய?" என்றாள் அம்மா.

அப்பா என்னைப் பார்த்தார். வாய் நிறையச் சோற்றோடு நானும் அவரைப் பார்த்தேன். என் முன்பல் இரண்டுக்கும் நடுவில் ஓர் இடைவெளி இருந்தது. அந்த வயதில் எத்தனையோ பிள்ளைகளுக்கு இருப்பதுதான்.

"இவளுக்குப் பல்லுல சந்து இருக்குல்லா? இவளுக்குத்தான் வைத்தியம்னு சொல்லுவோம். தொணைக்கு அத்தைக்காரி போறா. யாரு என்ன கேக்கப் போறா?"

"கம்பி போடப் போறான்னு சொல்லிட்டு வாயில கம்பி இல்லன்னா கேக்க மாட்டாகளா?"

அப்பா கொஞ்சம் யோசித்தார். "அப்போ மாட்டிர வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டு மோர் ஊற்றச் சொன்னார். என் வாயைப் பற்றிய முடிவு அவ்வளவு சுலபமாக எடுக்கப்பட்டது. அத்தை அடுப்படி நிலையில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளிடமும் யாரும் எதுவும் கேட்கவில்லை.

முதல் தடவை அப்பாவும் கூட வந்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பாத்திரக் கடைக்கு மாடியில் டாக்டரின் அறை. படி ஏறும்போது கீழே பித்தளைக் குடங்களைத் தட்டும் சத்தம், மேலே போனால் கிராம்புத் தைல வாசனை. டாக்டர் மூக்குக்கண்ணாடி போட்ட ஒல்லியான மனிதர். என் வாயில் ஒரு சின்னக் கண்ணாடியை விட்டுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பாப்பாவுக்கு ஒண்ணும் வேண்டாம். கோரைப்பல் இறங்கும்போது அந்தச் சந்து தானா மூடிரும்" என்றார். எனக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது.

"இல்ல டாக்டர், ஒரு கம்பி போட்டுருங்க" என்றார் அப்பா.

"எதுக்குங்க? நல்ல கண்ணுக்கு யாராவது கண்ணாடி கேப்பாங்களா?"

அப்பா குனிந்து அவர் காதில் நெடுநேரம் ஏதோ சொன்னார். டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என்னைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார். "சரி, அழுத்தாத மாதிரி ஒண்ணு செஞ்சு தர்றேன். நல்லதும் செய்யாது, கெட்டதும் செய்யாது" என்றார்.

அத்தைக்கு அவர் சொன்னது வேறு. "பல்லு மேலயே ஒட்டுற கம்பி இருக்கு. உங்களுக்கு அதுதான் சரியா வேலை செய்யும். மாசாமாசம் மதுரைக்கு வரணும், முடியற வரைக்கும் கழட்ட முடியாது."

"கழட்ட முடியாதா? பொண்ணு பாக்க வந்தா என்ன செய்ய?" என்று பதறினார் அப்பா.

"அப்படின்னா கழட்டி மாட்டற பிளேட்டுதான். ரெண்டு பக்கமும் ஒரு பல்லை எடுத்து இடம் பண்ணணும். ராத்திரி பகல் போட்டிருக்கணும், சாப்பிடும்போது மட்டும் கழட்டலாம். ஒழுங்காப் போட்டாத்தான் பல்லு நகரும். போடலேன்னா, பல்லை எடுத்ததுதான் மிச்சம்."

அப்பா பிளேட்டைத் தேர்ந்தெடுத்தார். நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் அத்தை. அவள் கை வாயை மூடியே இருந்தது, அதை எடுக்கச் சொல்லித்தான் டாக்டர் பார்க்க வேண்டியிருந்தது.

அத்தைக்கு இரண்டு பல்லை எடுத்த பிறகு, இரண்டு பேருக்கும் அளவு எடுத்தார்கள். ரோஸ் நிற மாவைக் கிண்ணத்தில் குழைத்து, அதை ஒரு தகரத் தட்டில் அப்பி, தட்டோடு வாய்க்குள் வைத்து அழுத்தினார் டாக்டர். மாவு தொண்டைப் பக்கம் வழிந்தது. எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. "மூக்கால மூச்சு விடு, மூக்கால" என்று அவர் சொல்லச் சொல்ல, மூக்கு என்று எனக்கு ஒன்று இருப்பதே மறந்துபோயிற்று. அடுத்த தடவை போனபோது மேசை மேல் வெள்ளைச் சுண்ணாம்பில் வார்த்த இரண்டு பல்வரிசைகள் இருந்தன, சின்னது என்னுடையது, பெரியது அத்தையுடையது. அவற்றுக்குப் பக்கத்தில் இரண்டு பிளேட்டுகள். வாயின் மேலண்ணத்தில் ஒட்டுகிற ஈறு நிறத் தட்டு, பின்பல்லைக் கவ்விக்கொள்ளும் கொக்கிகள், முன்பல்லுக்குக் குறுக்கே ஓடும் ஒரு கம்பி. மாட்டியதும் என் வாய் முழுக்க எச்சில் ஊறிற்று. நாக்கு போகிற இடமெல்லாம் முட்டிக்கொண்டது. யாரோ என் வாய்க்குள் குடிவந்து சாமான்களை இறக்கியது போல இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அப்பா சட்டம் போட்டார். அத்தையின் பிளேட்டை ஊர் பார்க்கக் கூடாது. அதனால் அவள் வீட்டுக்குள் போட வேண்டும், யாராவது வந்தால் கழற்றிவிட வேண்டும். என் பிளேட்டை ஊர் பார்த்தே ஆக வேண்டும். அதனால் நான் வீட்டுக்குள் கழற்றலாம், நிலையைத் தாண்டினால் மாட்டியாக வேண்டும். ஆளுக்கொரு சோப்பு டப்பாவில் தண்ணீர் ஊற்றி, அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள் அம்மா. கதவு தட்டும் சத்தம் கேட்டால் போதும், அத்தை கழற்ற ஓடுவாள், நான் மாட்ட ஓடுவேன். அலமாரி முன்னால் நாங்கள் முட்டிக்கொள்வோம். வந்தவர் பெரும்பாலும் பால்காரராகத்தான் இருப்பார்.

"எப்பப்பா இதைக் கழட்டலாம்?" என்று அழுதுகொண்டே கேட்டேன்.

"அத்தைக்குக் கல்யாணம் முடிவாகட்டும். அன்னைக்கே கழட்டிருவோம்" என்றார் அப்பா.

பிடித்துக்கொண்டேன். அன்றிலிருந்து அந்தத் தெருவில் அத்தையின் கல்யாணத்துக்காக என்னைப் போல வேண்டிக்கொண்டவர்கள் கிடையாது. அத்தையின் பல் உள்ளே போக வேண்டும், மாப்பிள்ளை வர வேண்டும், அப்போதுதான் என் வாய் எனக்குத் திரும்பக் கிடைக்கும். தினமும் காலையில் அவளைப் பக்கவாட்டில் நிற்கவைத்துப் பல் எம்புட்டு உள்ளே போயிருக்கிறது என்று பார்ப்பேன். ஒரு நூல் அளவு போன மாதிரியும் இருக்கும், போகாத மாதிரியும் இருக்கும்.

வெளியே என் பாடு திண்டாட்டம். 'ச' என்று சொன்னால் காற்று வந்தது. வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னால் முன்வரிசைக்குச் சாரல் அடித்தது. அதுவரை வாசிப்பதற்கு டீச்சர் முதலில் கூப்பிடுவது என்னைத்தான். பிறகு கூப்பிடுவதை விட்டுவிட்டார், இரக்கப்பட்டுத்தான். "ஏட்டி, ஒங்க வீட்டுல ஏரியல் கட்ட எடமில்லாம ஒன் வாயில கட்டிட்டாகளா? சிலோன் ரேடியோ எடுக்குமா?" என்று பையன்கள் காதை என் வாய்ப் பக்கம் கொண்டுவருவார்கள். பக்கத்து வீட்டுத் தெலுங்குக்கார அக்கா என் தாடையைப் பிடித்து, "எந்துக்கும்மா இந்தச் சின்னப் பிள்ளைக்கு இது? நல்லாத்தான இருந்தா?" என்று அம்மாவிடம் கேட்டாள். "பின்னால கோணிருமாம் அக்கா. டாக்டர் சொல்லிட்டாரு" என்றாள் அம்மா, கண் இமைக்காமல். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் பல் சரியாகத்தான் இருக்கிறது என்று தெரு முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்த வேண்டும் போல இருந்தது. வாயைத் திறந்தால் கம்பிதான் தெரியும் என்பதால் மூடிக்கொண்டேன்.

அழுத்தாது என்று டாக்டர் சொன்னாரே தவிர, கொக்கி ஒரு பக்கம் ஈறில் உரசி உரசிப் புண்ணாகிவிட்டது. அம்மா தேன் தடவிவிடுவாள். தடவிவிட்டு, "யாரோ வாராக, மாட்டிக்கோ" என்பாள்.

ஒன்றே ஒன்றுதான் அந்தக் காலத்தில் நன்றாக இருந்தது, அந்தச் சனிக்கிழமைகள். இரண்டாம் தடவையிலிருந்து அப்பா வரவில்லை. மில்லில் லீவு கிடைக்காது. அத்தையும் நானும் மட்டும் போனோம். பஸ்ஸில் ஏறியதும் அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுவாள். சின்னப் பிள்ளை நான், ஜன்னலோரம் எனக்குத்தானே? தரமாட்டாள். மம்சாபுரத்துக்குப் பாதை பிரியும் விலக்கு வரும்வரை மலையையே பார்த்துக்கொண்டு வருவாள். பிறகு ரோட்டோரத்துக் கடைப் பலகைகளை ஒன்றுவிடாமல் வாய்விட்டு வாசிப்பாள். சைக்கிள் கடை, உர மூடைக் கடை, புரோட்டா கடை, எல்லாம். ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கினால் நடையே மாறிவிடும். வீட்டில் பூனை நடை நடக்கிறவள், தேர் நிற்கிற தெருவில் செருப்பு சத்தம் போட நடப்பாள். வளையல் கடைக்காரனிடம் வாங்காத வளையலுக்குப் பேரம் பேசுவாள். முன்பின் தெரியாத பெண்களிடம், "எந்த ஊரு? எதுக்கு வந்திய?" என்று விசாரிப்பாள். ஒருமுறை, ஊருக்கு வெளியே திருவண்ணாமலை என்ற குன்றில் இருக்கும் பெருமாளைப் பார்க்க வந்த ஒரு கூட்டத்தோடு பேசிக்கொண்டே போய், அவர்கள் பஸ்ஸிலேயே ஏறப் பார்த்தாள். நான் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினேன். அதற்கு அவள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, நடுத்தெருவில், வாய் முழுக்கத் திறந்து, கையில் பால்கோவாப் பொட்டலத்தோடு! அன்றைக்குத்தான் அவள் சிரிப்பை முதன்முதலாக முழுசாகப் பார்த்தேன். அப்பா கூட இல்லாதபோது அந்த ஊரில் அவள் கை வாய்க்குப் போகவே இல்லை. திரும்பும்போது பஸ் வந்து நின்றால், "இதுல கூட்டமா இருக்குட்டி, அடுத்ததுல போவம்" என்பாள். அடுத்ததிலும் அவள் கண்ணுக்குக் கூட்டம்தான்.

மாதங்கள் போயின. பல் போகவில்லை. டாக்டர் அத்தையின் வாயைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். "இந்நேரம் பாதி எடம் மூடியிருக்கணுமே. சரி, மாசத்துல ரெண்டு சனிக்கிழமை வர்றேன் இப்போ. ரெண்டுக்கும் வாங்க, பார்ப்போம்" என்றார். வீட்டில் அப்பா முகம் சுருங்கிப்போயிற்று. நான் அழுதேன். அத்தை தலையைக் குனிந்துகொண்டு, "டாக்டர் சொன்னா போகத்தான வேணும்?" என்றாள்.

அதற்கு அடுத்த முறைதான் நான் அதைப் பார்த்தேன். பாத்திரக் கடை மாடிப்படியில் பாதி ஏறியதும் அத்தை நின்றாள். பர்ஸிலிருந்து கைக்குட்டையைப் பிரித்தாள். உள்ளே பிளேட்டு. அதைக் கொண்டுவந்திருந்த பாட்டில் தண்ணீரில் நனைத்து வாயில் வைத்தாள். அது சரியாக உட்காரவில்லை. கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி, கண்ணில் நீர் வர ஏற்றினாள். பழக்கமான கை அப்படித் தடுமாறாது. எனக்கே கண்ணை மூடிக்கொண்டு மாட்ட வரும்.

டாக்டர் அன்றைக்கு இரண்டு பிளேட்டுகளையும் கழற்றி மேசையில் வைத்துப் பார்த்தார். என்னுடையது கீறல் விழுந்து, டீக் கறை ஏறி, ஒரு கொக்கி நெளிந்து கிடந்தது. அத்தையுடையது புதுக் கருக்கு அழியாமல் பளபளத்தது. "யாருக்கு வேணுமோ அவங்க போடறதில்ல. யாருக்கு வேண்டாமோ அவங்க போடறாங்க. நான் என்ன வைத்தியம் பண்றது?" என்றார்.

படி இறங்குவதற்குள் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அதாவது, விளங்கிவிட்டதாக நினைத்தேன். "நீ போடலன்னா பல்லு உள்ள போகாது. பல்லு உள்ள போகலன்னா ஒனக்குக் கல்யாணம் ஆகாது. அதுவரைக்கும் நான் இதைப் போடணுமா? அப்பாட்ட சொல்லப் போறேன்" என்று பஸ் ஸ்டாண்டில் நின்று கத்தினேன்.

அத்தை என் முன்னால் குத்துக்கால் வைத்து உட்கார்ந்தாள். "சொல்லிராத தாயி. ஒன்னையக் கும்பிடுதேன். வலிக்குட்டி எனக்கு, ரொம்ப வலிக்கு. இனிமே போடுதேன். சத்தியமாப் போடுதேன்" என்றாள். பெரியவள் ஒருத்தி என் கையைப் பிடித்துக் கெஞ்சியது அதுதான் முதல் தடவை. நான் சொல்லவில்லை. அவளும் ஒரு வாரம் போட்டாள். பிறகு அலமாரியில் அவள் பிளேட்டு எப்போதும் டப்பாவுக்குள்ளேயே கிடந்தது.

வலி என்றுதான் நம்பினேன். எனக்கும் வலித்ததால் நம்பினேன். பல் உள்ளே போய்விட்டால் சனிக்கிழமைகளும் போய்விடும் என்பது எனக்கு வெகுகாலம் கழித்து, எனக்கே கல்யாணமாகி, ஒரு வீட்டுக்குள் என் நாட்கள் அடைபட்டபோதுதான் உறைத்தது. அவளுக்கு வாசலைத் திறந்துவிட்டது அந்தக் கோணல் பல்தான். அது நேராகிவிட்டால், இன்னொரு வீட்டின் நிலைக்கும் துவைகல்லுக்கும் நடுவில் போய் நிற்க வேண்டியதுதான். அதனால் எவ்வளவு தள்ளிப்போட முடியுமோ அவ்வளவு தள்ளிப்போட்டாள். பாவம், அவள் வெளியே போக நான் அடைபட்டிருக்க வேண்டும், நான் விடுபட அவள் அடைபட வேண்டும். எங்கள் இரண்டு பேரையும் அப்படிச் சேர்த்துக் கட்டியது எங்கள் மேல் உயிரையே வைத்திருந்த ஒரு மனிதர்.

அந்தக் கோடையின் தொடக்கத்தில், பள்ளிக்கூடம் மூடுவதற்கு முன், தரகர் மறுபடி வந்தார். செட்டியார்பட்டிக்கார மாப்பிள்ளை, பட்டாளத்தில் இருக்கிறார், லீவு முடியுமுன் பேசி முடிக்க வேண்டும் என்றார். பல் முழுசாக உள்ளே போகாவிட்டாலும் பரவாயில்லை, சிரிக்காமல் இருந்தால் போதும் என்று முடிவாயிற்று. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, தரகர். வெளியாட்கள் வருவதால் சட்டப்படி நான் கம்பியை மாட்டிக்கொண்டு முன்னறையில் நின்றேன். இன்றோடு விடுதலை என்று என் மனம் குதித்துக்கொண்டிருந்தது. மாப்பிள்ளையின் அம்மாவைப் பார்த்துச் சிரித்தேன்.

"இது யாரு?" என்றார் அந்த அம்மா.

"எம் மக" என்றார் அப்பா.

"வாயில என்ன, கம்பியா?"

"ஆமா. பல்லுல சந்து இருக்கு, விட்டா கோணிருமாம். டாக்டர் போடச் சொன்னாரு."

"ஓகோ." அந்த அம்மா சேலையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஒங்க வம்சத்துலயே பல்லு இப்பிடித்தான் வாரதோ?"

அப்பாவின் முகம் போன போக்கை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. ஊர் வாயை அடைக்க எனக்குக் கம்பி மாட்டினாரே தவிர, பெண் பார்க்க வருகிறவர்கள் பெண்ணை மட்டும் பார்க்கமாட்டார்கள், அவள் அண்ணன் பிள்ளையையும் பார்ப்பார்கள் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

"இல்ல இல்ல, எங்க பக்கம் யாருக்கும் கெடையாது. இது அவ அம்மா பக்கத்துல இருந்து வந்தது" என்றார்.

அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "எங்க பக்கமா? எங்க அண்ணன் தம்பி அம்புட்டுப் பேரையும் வரச் சொல்லுதேன், வாயைத் தொறந்து பாத்துக்கோங்க!"

"அப்போ ஒங்க பக்கந்தான்" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. "நாளைக்கு எம் பேரன் பேத்திக்கும் வருமில்லா? ஏட்டி, இங்கன வா."

போனேன். என் தாடையைப் பிடித்து நிமிர்த்தி, கட்டைவிரலால் மேலுதட்டைத் தூக்கினார். விரலில் வெற்றிலைச் சுண்ணாம்பு ருசி. "கம்பியைக் கழட்டு, பல்லு எப்பிடி இருக்குன்னு பாப்பம்" என்றார்.

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா கண்ணாலேயே 'கழட்டாதே' என்றார். கழற்றினால் என் பல் வரிசையாக இருப்பது தெரிந்துவிடும். அப்புறம் கம்பி எதற்கு, ஸ்ரீவில்லிபுத்தூர் எதற்கு என்று கேள்வி வரும். கழற்றாவிட்டால் வம்சத்துக்கே கோணல் பல் என்று ஆகும், கல்யாணம் முடிவாகாது, என் கம்பியும் கழலாது. முன்னால் போனாலும் பின்னால் போனாலும் சுவர். உதடு தூக்கியபடி, எச்சில் தாடையில் ஒழுக, அந்தக் கட்டைவிரலுக்கு அடியில் நின்றேன். கண்ணில் நீர் முட்டியது. வாயை மூடக்கூட முடியவில்லை.

அப்போதுதான் அத்தை காபித் தட்டோடு வந்தாள். என்னைப் பார்த்தாள். தட்டை ஸ்டூல் மேல் வைத்தாள்.

"அவ வாயை விடுங்க" என்றாள்.

அந்த அம்மாவின் கை தானாக விலகிற்று. அத்தை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, இரண்டு பக்கக் கொக்கிகளையும் மெதுவாக விடுவித்துப் பிளேட்டை எடுத்தாள். புண் இருந்த பக்கம் படாமல் எடுத்தாள். அதை டம்ளர்களுக்கு நடுவில் காபித் தட்டிலேயே வைத்தாள்.

"இவ பல்லுல ஒண்ணும் இல்ல. வைத்தியம் எனக்கு. அவியளுக்கும் இவியளுக்கும் தெரியக் கூடாதுன்னு இந்தப் பச்சப் பிள்ளை வாயில கம்பியை மாட்டி வச்சிருக்கோம். எம் பல்லு இப்பிடித்தான். நல்லாப் பாத்துக்கோங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். வீட்டுக்குள், அப்பாவுக்கு முன்னால், கையை மடியில் வைத்துக்கொண்டு, தேர் நிற்கிற தெருவில் சிரித்த அதே சிரிப்பு. பட்டாளத்துக்காரர் நிமிர்ந்து பார்த்தார். அவருக்கும் சிரிப்பு வரப் பார்த்தது என்றுதான் எனக்குத் தோன்றியது. ஆனால் அவர் அம்மா எழுந்துவிட்டார், அவரும் எழுந்துவிட்டார். காபி ஆறிக் கிடந்தது.

அப்பா கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு, "இனி கம்பியும் வேண்டாம், ஸ்ரீவில்லிபுத்தூரும் வேண்டாம். எல்லாம் முடிஞ்சிச்சு" என்றார். அம்மா இரண்டு சோப்பு டப்பாக்களையும் காலி செய்து கழுவிக் கவிழ்த்தாள். எனக்கு நடந்தது எதுவும் மனதில் ஏறவில்லை. வாய் காலியாக இருந்தது, அது போதும். நாக்கால் மேலண்ணத்தைத் தடவிக்கொண்டே தூங்கினேன். மறுநாள் வகுப்பில் நானே எழுந்து நின்று ஒரு பாடத்தை ஒரு சாரல்கூட இல்லாமல் வாசித்துக் காட்டினேன். அத்தைக்குச் சில வருடம் கழித்துச் சாத்தூர்ப் பக்கம் கல்யாணம் நடந்தது. அந்தப் பல்லோடுதான். அதுவரை அவள் பஸ் ஏறியதாக எனக்கு நினைவில்லை.

நான் சொல்ல வந்தது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்து வந்த சனிக்கிழமையைப் பற்றி. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு டாக்டர் வரும் சனிக்கிழமை அது. தெருவில் பாண்டி ஆடிக்கொண்டிருந்தேன். தாகம் எடுத்து உள்ளே ஓடிவந்தேன். அத்தை தலைக்குக் குளித்து, வெளியே போகும்போது மட்டும் கட்டும் நீலச் சேலையைக் கட்டிக்கொண்டு, பர்ஸை மடியில் வைத்து அறையில் உட்கார்ந்திருந்தாள். எங்கே போகிறாள் என்று நான் கேட்கவில்லை. செம்பிலிருந்த தண்ணீரை அண்ணாந்து குடித்தேன்.

"ஏட்டி, இங்க வா" என்றாள். என் தாடையைத் தொட்டாள். "பல்லு எதுவும் வலிக்குதா ஒனக்கு?"

"இல்லயே!"

"அந்தப் புண்ணு இருந்த பக்கம்?"

"ஆறிப் போச்சு அத்தை, பாரு" என்று வாயை எவ்வளவு திறக்க முடியுமோ அவ்வளவு திறந்து காட்டினேன்.

அத்தை குனிந்து வாய்க்குள் பார்த்தாள். ஒவ்வொரு பல்லாகப் பார்த்தாள். வெளியே என் முறை வந்துவிட்டது என்று பிள்ளைகள் கூப்பிட்டார்கள்.

"கொஞ்சங்கூடவா வலிக்கல?" என்றாள்.

"கொஞ்சங்கூட வலிக்கல" என்று சொல்லிவிட்டு நான் தெருவுக்கு ஓடினேன்.